இரண்டு மணி பாஸ் ஓவர்

கொதிக்கக் கொதிக்க வாங்கி வந்த தேநீரில் ஒரு வாய் குடிப்பதற்குள் கிளாசுக்குப் பக்கத்தில் ஒரு தாள் வந்து நிற்கும். எங்கள் வார்டு சிஸ்டர் அதைக் கையில் தரமாட்டார். மேசையில் வைத்து இரண்டு விரலால் என் பக்கம் தள்ளிவிடுவார். "பிள்ளை, அஞ்சாம் கட்டில் அம்மா விழுந்தவ எல்லே? எத்தனை மணிக்கு எண்டு எழுதும்." விழுந்தவரோ எழுந்து, பிஸ்கட் சாப்பிட்டு, மகளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். நான்தான் இடையில் கார்பன் வைத்து மூன்று பிரதி எழுத வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கம் அது; பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு மருத்துவமனையின் பெண்கள் வார்டு. விடியற்காலையில் எழுந்து பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி பிடித்து வேலைக்கு வந்த எனக்கு அந்தத் தாளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

சிஸ்டர் தொடர் தர மேம்பாடு என்று ஏதோ இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து எங்களைப் பிடித்த சனி இது. அப்பா குமாஸ்தாவாக இருந்த யாழ்ப்பாணக் குடும்பம் அவருடையது. எதையும் எழுதி எண் போட்டு வைப்பது அவருக்கு இரத்தத்தில் ஊறியது. மற்ற வார்டுகளில் யாராவது விழுந்தால் தூக்கிப் படுக்கவைத்து, டாக்டரிடம் காட்டிவிட்டு, வாயை மூடிக்கொள்வார்கள். எழுதினால் மேட்ரன் விளக்கம் கேட்பார் என்ற பயம். எங்கள் வார்டில் மட்டும் வழுக்கி உட்கார்ந்தால்கூடத் தாள். ஆக, மாதக் கூட்டத்தில் விழுந்தவர்கள் பட்டியலில் நாங்களே முதலிடம். "உங்க வார்டுல தரையில எண்ணெய் ஊத்தி வெச்சிருக்கீங்களா?" என்று கேன்டீனில் கேலி செய்வார்கள். "எங்க சிஸ்டருக்கு வேற வேல இல்ல லா" என்று நானும் சேர்ந்து திட்டுவேன். முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. மகப்பேறு தாதியர் படிப்புக்கான என் விண்ணப்பம் கையெழுத்துக்காக அவருடைய இழுப்பறையில் கிடந்தது. முந்தைய ஆண்டு வாய்ப்புத் தவறிவிட்டது. இந்த முறையும் போனால் கடைசிவரை இதே வார்டுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும். காலையில் வேலை பார்த்தவர்கள் மதியம் வந்தவர்களிடம் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் சொல்லி ஒப்படைப்பதற்கு எங்கள் பேச்சில் பாஸ் ஓவர் என்று பெயர். மற்ற வார்டுகளில் அது பத்து நிமிட வேலை. எங்கள் சிஸ்டருக்கோ முக்கால் மணி நேரம். அவர் மேசையைச் சுற்றி இரண்டு ஷிப்ட் தாதியரும் கைகட்டி நிற்க வேண்டும். கொடுத்த மருந்து, போன சிறுநீர், தின்ற சோறு எத்தனை கரண்டி, மருமகள் எட்டிப் பார்த்தாளா என்று ஒன்று விடாமல் சொல்லியாக வேண்டும். யாராவது சுவரில் சாய்ந்தால் முதல் கட்டிலிலிருந்து மறுபடி தொடங்குவார். ஒருமுறை என்னால் அப்படியாகி, மொத்தக் கூட்டமும் என்னை முறைத்தது. பினாங்கிலேயே இத்தனை ஒழுங்கான பாஸ் ஓவர் வேறெங்கும் கிடையாது என்பது அவர் பெருமை.

ஒருநாள், சேர்ந்திருந்த தாள்களையெல்லாம் கொடுத்து, யார் எந்த மணிக்கு விழுந்தார் என்று கட்டம் போட்ட தாளில் புள்ளி வைக்கச் சொன்னார். முணுமுணுத்துக்கொண்டே வைத்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. ஒன்றிரண்டைத் தவிர எல்லாப் புள்ளிகளும் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் குவிந்து கிடந்தன. கட்டில்களுக்குப் பக்கத்தில் ஒரு தாதிகூட இல்லாத நேரம் அது. மதியச் சாப்பாடு முடித்த கிழவிகள் கழிப்பறைக்குப் போக எங்களைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, முடியாமல் தாங்களே இறங்கியிருக்கிறார்கள். இதை எப்படி அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? மணியைப் போடாமல் வெறுமனே 'மதியம்' என்று மாற்றி எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன். தாளை மடித்துப் பையில் வைத்து இரண்டு நாள் ஃபெரியில் கொண்டுபோய்க் கொண்டுவந்தேன்.

மூன்றாம் நாள் பாஸ் ஓவரில் சிஸ்டர் ஒன்பதாம் கட்டில்வரை வந்திருந்தார். உள்ளேயிருந்து "மிஸ்ஸி, மிஸ்ஸி" என்று தாதியைக் கூப்பிடும் ஒரு குரல். நான் திரும்பினேன். சிஸ்டர் விரலைத் தூக்கினார். "கொஞ்சம் பொறும். இதை முடிச்சுப்போட்டுப் போகலாம்." அடுத்துத் தொப்பென்று ஒரு சத்தம். மக்சிக் என்று நாங்கள் அழைக்கும் மலாய்க்காரப் பாட்டி ஒருவர் கழிப்பறை வாசலில் மணிக்கட்டு முறிந்து கிடந்தார். தரையை நனைத்துவிட்டதற்காக அந்த வலியிலும் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். சிஸ்டர்மேல் வந்த ஆத்திரத்தைவிட என்மேல் வந்த ஆத்திரம் பெரிதாக இருந்தது. இரண்டு நாள் முன்னால் அந்தத் தாளைக் காட்டியிருந்தால் மக்சிக்கின் கை முறிந்திருக்காது.

மக்சிக்குக்குக் கட்டுப் போட்டு முடித்ததும் தாளைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். "சிஸ்டர், எல்லாரும் நம்ம பாஸ் ஓவர் நேரத்துலதான் விழுறாங்க." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புள்ளிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதை எப்ப கண்டனீர்?"

"முந்தாநாள், சிஸ்டர்."

அவர், மக்சிக் விழுந்ததற்கான தாளை எடுத்து, காரணம் என்ற இடத்தில் இப்படி எழுதினார்: 'வார்டு சிஸ்டர் தாதியரை மேசையருகே நிறுத்தி வைத்திருந்தார். நோயாளி கூப்பிட்டபோதும் போகவிடவில்லை.' கீழே தன் பெயரைப் போட்டார். என்னுடைய இரண்டு நாளைப் பற்றி அதில் ஓர் எழுத்து இல்லை. பிறகு இழுப்பறையைத் திறந்து என் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

மறுநாளிலிருந்து பாதிப் பேர் நோயாளிகளோடு இருக்க, மற்றவர்கள் கட்டில் கட்டிலாகப் போய்ப் பாஸ் ஓவரை முடித்தார்கள். விழுவது குறைந்தது. அதற்காக அவருக்கு யாரும் மாலை போடவில்லை. மேட்ரன் அந்தத் தாளைக் காட்டி விளக்கம் கேட்டார். அடுத்த மேட்ரன் என்று எல்லோரும் நினைத்திருந்தவரைக் கெப்பாலா பத்தாஸ் பக்கம் ஒரு சின்ன கிளினிக்குக்கு மாற்றிவிட்டார்கள். "எழுதாம விட்டிருக்கலாமே, சிஸ்டர்?" என்று எரிச்சலோடு கேட்டேன். "பிறகு தாள் என்னத்துக்கு, பிள்ளை?" என்றார்.

படித்து முடித்து, பிறகு ஆண்கள் வார்டு ஒன்றில் நானும் சிஸ்டரானேன். இப்போது இளம் தாதியருக்குத் தர மேம்பாட்டு வகுப்பு எடுக்கிறேன். இந்தக் கதையைச் சொன்னால் கைதட்டுகிறார்கள். அவர்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. ஆய்வுக் குழு வரவிருந்த ஒருநாள், அறிவிப்புப் பலகையை அலங்கரிக்க என் வார்டுத் தாதியர் அத்தனை பேரையும் கூப்பிட்டு நிறுத்தியிருந்தேன். அந்த நேரத்தில் ஒரு பெரியவர் கட்டிலிலிருந்து தானே இறங்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். காரணம் என்ற இடத்தில் நான் எழுதினேன்: 'நோயாளி தாதியர் சொல்லைக் கேட்கவில்லை.'