எந்த கேசட்டிலும் முடியாத அந்த ரெண்டாவது பாட்டு

ஜெயசீலன் அண்ணன் போய்விட்டார்.

காலையில் குடோனில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது அவர் மகள் போன். "சித்தப்பா... அப்பா தவறிட்டாக." நான் "எந்த அப்பா?" என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன்.

நேற்று சாயங்காலம்கூட பேசினாரே... "ரெக்கார்ட் பிளேயர் ரிப்பேராகி வந்துருச்சு தம்பி. ஞாயித்துக்கெழம சர்ச் முடியவும் இங்கன வந்துரு, அந்தப் பாட்ட முழுசாப் போட்டுக் காட்டுறேன்."

போடி பஜாரில் அண்ணனுடைய கேசட் ரெக்கார்டிங் கடை பழைய ஆட்களுக்குத் தெரியும். நாம் கேட்ட பாட்டெல்லாம் பதிந்தபின் டேப்பில் கொஞ்சம் இடம் மிஞ்சும். அதில் ஒரே ஒரு இங்கிலீஷ் பாட்டைப் போட்டு நிரப்பிவிடுவார். எழுபதுகளில் வந்த ஒரு சாஃப்ட் ராக் குழுவின் பாட்டு. அவர்களுடைய முதல் ஹிட்தான் எல்லாருக்கும் தெரியும். இது அதற்கு அடுத்து வந்தது.

"மொதப் பாட்ட எல்லாரும் கேட்டுட்டாக. ரெண்டாவதுக்கு நாமதேன் ஆள் பிடிக்கணும்."

எல்லாரும் ஒதுக்கிய ரெண்டாம் ரக ஏலக்காயை விற்று மேலே வந்தவன் நான். அந்தப் பேச்சு பிடித்துப்போனது. பாட்டில் ஒரு வரி புரியாது, அது வேறு விஷயம்.

மிஞ்சிய இடம் எப்போதும் போதாது. போடிமெட்டு ஏறும் ஜீப்பில் பாட்டு பாதியில் டக்கென்று நிற்கும். முடிவு எப்படி இருக்கும் என்று கேட்டால், "சாம்பிள் பாத்துட்டேல்ல? சரக்கு வேணும்னா கடைக்கு வா." ஏலக்காய் வியாபாரியிடமே இந்தப் பேச்சு. கடைக்குப் போனால் டீ வரும், கூட்டம் வரும், பாட்டு மட்டும் வராது.

சின்னமனூரில் அக்கா மகள் காதுகுத்து. மைக்செட்டில் முருகன் பாட்டு முடிந்ததும் இது கிளம்பிவிட்டது. "ஏலே, சாமி பாட்டுக்குள்ள வெள்ளக்காரன விட்டது யாருலே?" என்று என் மாமா குதித்தார். பந்தியில் இருந்த அண்ணன் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நல்லாத்தான பாடுறான், இருந்து கேளுங்க மாமா." அதற்குள் டேப் தீர்ந்துவிட்டது.

போனில் தேடினால் கிடைக்கும், தெரியும். அவர் போட்டுத்தான் கேட்பது என்று எங்களுக்குள் பேச்சு.

இப்போதுதான் அண்ணன் வீட்டிலிருந்து வருகிறேன். பிளேயரில் அந்தப் பாட்டின் இசைத்தட்டு ஏற்றியபடியே இருக்கிறது. "ஒங்களுக்குன்னுதேன் எடுத்து வச்சாக சித்தப்பா... போடவா?" என்றாள் மகள்.

வீடு நிறைய ஆட்கள். "வேணாம்மா, ஞாயித்துக்கெழமன்னுதான சொன்னாக" என்றேன்.

நாளைக் காலை அடக்கம்.

ஞாயித்துக்கெழம வாரேன்ணே...