வராத சீழுக்கு ஊசி

மாங்காய் மண்டியில் ட்ரெய்லரின் பின்பலகை கழன்று, அங்கே வேலை செய்த என் தம்பியின் காலில் விழுந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. ரேணிகுண்டாவில் நான் வேலை செய்யும் செல்போன் கம்பெனிக்கு விடுமுறை, அதனால் கங்காதர நெல்லூர் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டில்தான் இருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தபோது அவனைக் கோணிமேல் கிடத்தியிருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே சதை கிழிந்து, வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. அதில் மண்ணும் மாஞ்சருகும் ஒட்டியிருந்தன. அது எலும்பு என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

"அக்கா, ஒடஞ்சிப்போச்சா?" என்று கேட்டான்.

"தோல்தான்டா கிழிஞ்சிகீது. நீ பாக்காத" என்றேன்.

ஆம்புலன்ஸ் எங்களைச் சித்தூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டது. முதலில் எலும்பை உள்ளே தள்ளிக் கட்டுப்போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே இருந்த இளவயது டாக்டரம்மா காலை ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "ஈயனக்கி ஏதைனா இஞ்செக்ஷன் படதா?" என்றார். ஏதாவது ஊசி இவனுக்கு ஒத்துக்கொள்ளாதா என்று கேட்கிறார். எனக்குத் தெலுங்கு நன்றாகவே வரும். ஆனாலும் கேள்வி உள்ளே இறங்கவில்லை. கால் இரண்டாகக் கிடக்கிறது, இவர் ஊசியைப் பற்றிக் கேட்கிறாரே!

பிறகுதான் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் எங்கள் இருவருக்கும் ஒன்றாகக் காய்ச்சல் வந்து, ஊசி போட்டதும் ஒருவருக்கு உதடெல்லாம் வீங்கிப்போனதாக அம்மா சொல்லியிருக்கிறாள். அது அவனா, நானா? வீட்டுக்குப் போன் போட்டேன்.

"தம்பிக்குத்தான்! எனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா.

பின்னாலிருந்து நைனாவின் குரல் கேட்டது. "யேய், பெரியவளுக்குடி. நான்தான தூக்கிகினு ஓடினேன்?"

இரண்டு பேரும் போனிலேயே சண்டைக்கு நின்றுவிட்டார்கள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு டாக்டரம்மாவையே பார்த்தேன். வெறும் தடிப்பா, மூச்சு வாங்கியதா என்று அவர் கேட்டார். உதடு வீங்கியது நிச்சயம், யாருக்கு என்பதுதான் தெரியவில்லை என்றேன். அப்படியானால் வழக்கமாகப் போடும் வகை மருந்து வேண்டாம், வேறொன்று இருக்கிறது, ஆனால் இப்போதே ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு நர்ஸிடம் கையை நீட்டினார். எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே, புண்ணைக் கழுவுவதற்கு முன்பே, மருந்து தம்பியின் நரம்பில் இறங்கிவிட்டது. தடுப்பூசி ஒன்றையும் போட்டார்கள். பிறகுதான் ஈரத்துணியால் புண்ணை மூடி, காலைக் கட்டையோடு சேர்த்துக் கட்டினார்கள்.

"சீழும் இல்ல, காய்ச்சலும் இல்ல. எதுக்கு மேடம் இவ்ளோ அவசரம்?" என்று கேட்டேன்.

வரக்கூடாது என்பதற்காகத்தான், எலும்பு மண்ணைத் தொட்டிருக்கிறது, நேரம் போகப் போக மருந்துக்கு வேலை கஷ்டமாகிவிடும் என்றார். தலையாட்டினேன். புரிந்தது என்று சொல்ல முடியாது.

அங்கிருந்து எங்களைத் திருப்பதிக்கு அனுப்பினார்கள். அங்கே ஆபரேஷன் செய்து, செத்த சதையை வெட்டியெடுத்து, காலுக்கு வெளியே கம்பிச் சட்டம் மாட்டினார்கள். மறுபடி உள்ளே கொண்டுபோய்க் கழுவிப் புண்ணை மூடினார்கள். அதுவரை ஊசி நிற்கவில்லை. மூடிய மறுநாள் பெரிய டாக்டர் வந்தார், கால்விரல்களை அசைக்கச் சொல்லிப் பார்த்தார், "இங்க ஆண்டிபயாட்டிக் ஒத்து" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கிருமிக்குப் போடும் அந்த ஊசி இனி வேண்டாமாம்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். அடிபட்டு ஊரிலேயே கட்டுப்போட்டுக்கொண்டு, சீழ் வைத்த பிறகு வந்தவர். அவருக்கு ஊசி நடந்துகொண்டே இருந்தது. ஒன்றுமே இல்லாதபோது ஓடி ஓடிப் போட்டார்கள், தையல்கூடக் காயாத நேரத்தில் நிறுத்துகிறார்களே!

குப்பத்திலிருந்து மாமா வந்தார், அம்மாவின் தம்பி. விஷயத்தைக் கேட்டதும் வெளியே போய் மெடிக்கல் ஷாப்பில் ஒரு ஆண்டிபயாட்டிக் மாத்திரை அட்டையை வாங்கிவந்து என் கையில் திணித்தார்.

"அவுங்கோ ஆயிரம் பேரப் பாக்கறாங்கோ, நமக்கு இவன் ஒருத்தன்தான். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு குடு. டாக்டருகிட்ட சொல்லிகினு இருக்காத."

"எந்த வகைன்னு தெரியலயே மாமா. ஒத்துக்காம போச்சின்னா?"

"மாத்திரைதாம்மே, ஊசியா இன்னா?"

நான் கொடுக்கவில்லை. தைரியமாக முடிவெடுத்துக் கொடுக்காமல் இருந்தேன் என்றில்லை. கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம். அட்டையைப் பையில் போடுவதும் எடுப்பதுமாக இருந்தேன். மறுநாள் தம்பிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. நர்ஸைத் தேடி ஓடினேன். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

டாக்டர் வந்து கட்டைப் பிரித்தார். புண் சிவக்கவில்லை, கசியவில்லை. காலை விட்டுவிட்டுக் கையைப் பிடித்தார். மருந்து ஏற்றிய ஊசிக்குழாய் இருந்த இடத்தில் நரம்பு கயிறு மாதிரி தடித்துச் சிவந்திருந்தது. காய்ச்சல் அங்கிருந்துதான். ஊசிக்குழாயைப் பிடுங்கினார்கள். இரண்டொரு நாளில் காய்ச்சல் இறங்கியது.

அப்போது துணிந்து பையிலிருந்த அட்டையை எடுத்து அவரிடம் காட்டினேன். அவர் திட்டவில்லை. தேவைக்கு மேல் கொடுத்தால் வயிறு கெடும், அதைவிட நாளைக்கு நிஜமாகவே சீழ் வைத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் உள்ளே இருக்கும் என்றார்.

"அப்போ, மொதல்ல போட்ட ஊசிதான் காப்பாத்திச்சா சார்?"

"செப்பலேனம்மா" என்றார் அவர், சொல்ல முடியாது என்று. ஊசி போடாமலே இந்தக் கால் தப்பித்திருக்கலாம், பலருக்குப் போட்டால் சிலர் தப்பிக்கிறார்கள், அந்தச் சிலரில் உங்கள் தம்பி உண்டா என்று என்னால் சொல்ல முடியாது என்றார். படித்தவர் தெளிவாக ஒன்று சொல்வார், அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்று காத்திருந்தேன். அவருக்கே தெரியாதாம். ஆனாலும் அடுத்து வருகிறவனுக்கும் அதையே போடுவாராம்.

எலும்பு சேரப் பல மாதங்கள் ஆயின. கம்பிச் சட்டத்தைக் கழற்றிய அன்று தம்பி காலைத் தரையில் ஊன்றப் பயந்து என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இப்போது லேசாகச் சாய்ந்து நடக்கிறான். மண்டிக்குப் போவதில்லை. சித்தூரில் ஒரு ஜூஸ் பாக்டரி வாசலில் வரும் வண்டிகளுக்கு எடைபோடும் வேலை. போன வாரம் என்னைப் பைக்கில் பின்னால் உட்காரவைத்து ஸ்டேஷன் வரை ஓட்டிக்கொண்டு வந்தான். வழியெல்லாம் மெதுவாகப் போடா, மெதுவாகப் போடா என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவன் சிரித்துக்கொண்டு இன்னும் வேகமாகத்தான் போனான்.