போங்நம் அக்காவுக்கு வலிக்காது என்றார்கள்

கொரியாவின் பூசான் மீன் சந்தையில் விலாங்கு உரிக்கிறவள் போங்நம் அக்கா. துள்ளுகிற விலாங்கின் தலையில் ஆணியடித்து, ஒரே இழுப்பில் தோலை உரித்துவிடுவாள். கத்தி விரலில் இறங்கினால் ஐஸ் வாளியில் கையை முக்கிவிட்டு அடுத்த மீனை எடுப்பாள். "போங்நம்முக்கு வலிக்காது" என்று சந்தையே சொல்லும். புருஷன் போன பிறகு இரண்டு பெண்களை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள். பக்கத்தில் கணவாய் விற்கும் எனக்குக் கூடப்பிறக்காத அக்கா. வாய் மட்டும் வேப்பங்காய்.

நின்றே பிழைத்த கால்களில் நீல நரம்புகள் புடைத்துக் கிடந்தன. பொதுக் குளியல்கூடத்தில் ஒரு சிறுக்கி, "என்னம்மா, கால்ல மெட்ரோ ரயில் ரூட் மேப்ப வரைஞ்சிருக்கீங்க?" என்று சிரித்தாள். அதிலிருந்து அக்கா குளிக்க வருவதையே விட்டுவிட்டாள். எனக்கு முதுகு தேய்க்க ஆளில்லை. எரிச்சல் தாங்காமல் அவளை டாக்டரிடம் இழுத்துப்போனேன். நரம்பில் ஊசி போட்டால் வற்றிவிடும் என்றார்.

ஊசி குத்துவது தெரியாமல் மரத்துப்போக, முன்னாடியே வீட்டில் தடவிக்கொள்ள ஒரு களிம்பு கொடுத்த நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். "நான் குறிச்ச இடத்துல மட்டும் கொஞ்சமா தடவுங்க. சொன்ன நேரத்துல துடைச்சிடுங்க. மேல எதையும் சுத்தாதீங்க, சூடு படவே கூடாது."

"பூசறதுதானே, முழுங்கவா போறேன்?" என்றாள் அக்கா.

ஊசி போடும் நாள் காலையில் கூப்பிடப் போனேன். வெளியே பனி கொட்டியது. தரைக்கு அடியில் ஓடும் சூட்டை முழுதாக ஏற்றிவிட்டு, கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தாள்.

"நாக்கு தடிச்சுப்போச்சுடி... காதுக்குள்ள என்னமோ இரையுது."

பேச்சு குழறியது. கை வெட்டி வெட்டி இழுத்தது, கண் மேலே செருகியது. ஆம்புலன்சைக் கூப்பிட்டேன்.

"என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?" என்று கேட்டான் வந்தவன்.

"ஒண்ணும் சாப்பிடலையே."

அவன் போர்வையை உருவினான். தொடையிலிருந்து கணுக்கால்வரை சுவரில் சுண்ணாம்பு அடித்ததுபோல் களிம்பு. அதன்மேல் கடையில் மீன் சுற்றும் பிளாஸ்டிக் தாள், இறுக்கி இறுக்கி. நர்ஸ் கொடுத்தது போதாதென்று மருந்துக்கடையில் வேறு வாங்கியிருக்கிறாள். சின்ன மகளுக்கு அழகு நிலையத்தில் ஊசிக்கு முன் முகத்தில் இதே களிம்பைப் பூசி இப்படித்தான் தாள் ஒட்டினார்களாம். முகம் எங்கே, இரண்டு கால் எங்கே?

"காலை வேகவச்சிருக்காங்க. மருந்து மொத்தமும் ரத்தத்துல இறங்கிடுச்சு" என்றபடி அவன் தாளை வெட்டியெறிந்து களிம்பைத் துடைத்தான்.

ஆஸ்பத்திரியில் மறுபடி வலிப்பு வந்தது. நெஞ்சுத் துடிப்பு தடுமாறியது. பால்போல வெள்ளையாக ஒரு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இதயம் நின்றிருக்கும் என்றார் டாக்டர். தடவுகிற களிம்பு ஆளைக் கொல்லுமா?

சாயங்காலம் அக்கா கண் திறந்தாள். அதுவரை இருந்த பயமெல்லாம் எனக்குக் கோபமாக ஏறியது.

"அறிவிருக்கா உங்களுக்கு? கத்தி வெட்டினாக்கூட மூஞ்சி சுளிக்க மாட்டீங்க. ஒரு ஊசிக்குப் போயி இத்தனை களிம்பா?"

அவள் கூரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"சுளிச்சா யாருடி வந்து பாக்கப் போறா? எல்லாமே வலிக்கத்தான் செஞ்சுது. இது ஒண்ணாவது வலிக்காம இருக்கட்டும்னு நெனச்சேன்."

இத்தனை வருஷம் கைக்கெட்டும் தூரத்தில் நின்று மீன் விற்றவள் நான்.