எலிக்குக் கொடுத்த மருந்து

"அக்கா போயிட்டாங்க மேடம்" என்று தேவகியின் தம்பி போனில் சொன்னபோது, "பிச்சாட்டூருக்கா?" என்று கேட்டேன். விடுமுறை கிடைத்தால் அம்மாவைப் பார்க்க தேவகி அங்கேதான் போவார். தம்பி அழத் தொடங்கினார். தூக்கத்திலேயே மாரடைப்பாம். முந்தின நாள் மாலை திருச்சானூர் ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. இதை எழுதும்போதும் என்னால் நம்ப முடியவில்லை.

அவருடன் திருப்பதி ஆய்வகத்தில் வேலை பார்த்த எங்கள் எல்லோருக்கும் அவர் கதை தெரியும். கூலிக் குடும்பம். நம் பக்கத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்காவுக்குப் பறந்த காலத்தில், இவர் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக ஜெர்மனி போனார். அவர்களெல்லாம் அங்கே வீடு வாங்கிய சமயத்தில் இவர் திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று கேட்டால், "நோவு ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான்" என்பார்.

மருந்தை நானோ துகள்களுக்குள் அடைத்து, உடம்பெல்லாம் பரவவிடாமல் புற்றுக்கட்டிக்குள் கொண்டுசேர்ப்பதுதான் அவருடைய வேலை. எலிகளுக்குக் கட்டி சுருங்கிய அன்று நாங்கள் இனிப்பு வாங்கி வந்தோம். அவர் சோதனை முடிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். "கட்டிக்குப் போனது கொஞ்சம்தான் சுமதி. மிச்சமெல்லாம் ஈரல்ல போய் உக்காந்துக்கினு இருக்குது" என்று என்னிடம் சொன்னார்.

ஆனால் ஒரு தெலுங்குப் பத்திரிகை, திருப்பதியில் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்தாகிவிட்டது என்று எழுதிவிட்டது. சில நாளில் சத்தியவேடு பக்கத்திலிருந்து ஒரு விவசாயி மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணுக்கு மார்பில் கட்டி. ஆஸ்பத்திரி ஊசி போட்டால் முடி கொட்டும், உடம்பு தாங்காது என்று யாரோ சொல்லி இருவரும் மிரண்டு போயிருந்தார்கள். எலிகளுக்குத்தான் கொடுத்துப் பார்த்திருக்கிறோம் என்று தேவகி விளக்கினார்.

"பரவாயில்ல மேடம். எலிக்குக் குடுக்கிறதையே இவளுக்கும் குடுங்க" என்றார் அவர்.

நாங்கள் தலை குனிந்து நின்றோம். தேவகி அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "குடுக்க மாட்டேம்மா. இது நல்லது பண்ணுமா கெட்டது பண்ணுமான்னு எனக்கே இன்னும் தெரியாது. முடி போனா திரும்ப வரும். ஆஸ்பத்திரிக்கு வா, நானும் கூட வரேன்."

சொன்னபடியே அன்றே போனார். பிறகு ஊசி போடும் நாட்களிலெல்லாம் போய், அந்தப் பெண் வாந்தி எடுக்கும்போது தாங்கிப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். தேவகி பத்திரிகைக்கு மறுப்பு அனுப்பியதற்காகத் துறைத்தலைவர் மட்டும் கோபித்துக்கொண்டார்; ஆய்வகத்துக்கு வந்த நல்ல பெயரைக் கெடுத்துவிட்டாராம். "இதை நம்பி இன்னொரு ஆளு பஸ் ஏறக்கூடாது சார்" என்றார் தேவகி.

பிச்சாட்டூரில் அடக்கம் முடிந்து திரும்பும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு வந்திருக்க வேண்டிய சாவும்மா இது" என்றார்.

ஆராய்ச்சி நடக்கிறது. அந்தத் துகள்கள் இன்னும் எலிகளைத் தாண்டவில்லை. எப்போது தாண்டும் என்றும் தெரியாது. தேவகியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதுதான்: நம்பி வந்தவரிடம் இல்லை என்று சொல்ல நேர்ந்தால், முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, எழுந்து அவரோடு போக வேண்டும்.