அமாவாசையில் அளந்த பாட்டு

இரண்டு வாட் என்றால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கோயில் திருவிழாவுக்கு மைக் செட் கட்டி, தெருமுனையில் ஆளுயரப் பெட்டிகளை அடுக்கி, ஜன்னல் கதவெல்லாம் அதிர வைத்தவன் நான். அப்படிப்பட்டவன் வீட்டில் உட்கார்ந்து, சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு கண்ணாடி வால்வை வைத்துக்கொண்டு இரண்டு வாட் ஆம்ப்ளிஃபயர் செய்கிறேன் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். "இன்னா மாமா, எறும்புக்குக் கச்சேரி வைக்கப் போறீங்களா?" என்று மச்சான் கேட்டான். மைக் செட்டை மொத்தமாக அவனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவனிடம் அவன் அதுவும் கேட்பான், இன்னமும் கேட்பான்.

எனக்குப் பாட்டு கேட்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான் காரணம். வாழ்நாளெல்லாம் ஊருக்குப் பாட்டு போட்டேனே தவிர, நான் உட்கார்ந்து ஒரு பாட்டை முழுசாகக் கேட்டதில்லை. மைக் செட்காரன் எங்கே பாட்டு கேட்பான்? மைக் ஊளையிடுகிறதா, ஒயர் சுடுகிறதா, ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று பார்க்கவே அவனுக்குப் பொழுது சரியாகிவிடும். சாமி வீதிக்கு வந்தால் எல்லோரும் கை கூப்புவார்கள். நான் குழாய் ஸ்பீக்கருக்கு அடியில் நின்று ஒயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

வால்வு, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் பாயிடம் வாங்கினேன். பழைய ரேடியோ சாமான் விற்கிறவர், என் நெடுநாள் சிநேகிதர். அவரும் சின்ன ஆம்ப்ளிஃபயர்கள் கட்டுவார். ஆனால் அவர் காதுக் கட்சி, நான் மீட்டர் கட்சி. ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் கழித்துக்கட்டிய ஆஸிலோஸ்கோப் அவர் கடைக்கு வந்தபோது நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். சத்தத்தைப் பச்சைக் கோடாகத் திரையில் காட்டுகிற பெட்டி அது. கோடு கோணலாக இருந்தால் சத்தமும் கோணல். எனக்கு அது போதும்.

"உன் மீட்டரு பிரியாணி ருசியா இருக்குதான்னு சொல்லுமாபா?" என்பார் பாய்.

"உப்பு எவ்வளவுன்னு சொல்லும் பாய். அது தெரிஞ்சா ருசி தானா தெரியும்."

"தெரிஞ்சுது போ" என்று அவர் பீடியைத் தேடுவார்.

என் மனைவி பட்டு நெய்கிறவள். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டின் முன்னறை முழுக்க அவள் தறிதான். காலையில் தறிக்குழியில் இறங்கினால் சாப்பாட்டுக்குத்தான் ஏறுவாள். அதனால் ஆம்ப்ளிஃபயரைத் தறிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பலகை அடித்து அதன்மேல் வைத்தேன். அவளும் கேட்கலாம், நானும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்கலாம்.

கட்டி முடித்ததும் அளக்க வேண்டும் அல்லவா? அதற்கு அமாவாசை வரட்டும் என்று காத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் அமாவாசையன்று தறியில் உட்காரமாட்டார்கள். எங்கள் வீட்டுத் தறி மட்டுமல்ல, இரண்டு பக்கத்து வீட்டுத் தறிகளும் ஓயும். அன்றைக்குத்தான் தெருவே நிம்மதியாக இருக்கும், இழை சுற்றுகிற மோட்டார்கள் ஓடாததால் கரண்டும் ஏறி இறங்காமல் வரும். போதாததற்கு நிறைந்த நாள். கற்பூரம் காட்டிவிட்டு ஸ்கோப்பை மாட்டினேன்.

கோடு அவ்வளவு அழகாக இருந்தது. ஒரு பிசிறு இல்லை, இரைச்சல் இல்லை. இந்த வயதில் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாயங்காலம் பாயை வரவழைத்துப் பாட்டு போட்டோம். மனைவி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து கேட்டாள். "பாடறவங்க இங்கயே குந்திக்கினு பாடற மாதிரி இருக்குதுபா" என்றார் பாய். அவர் வாயால் அப்படி வருவது லேசில்லை. அந்தச் சாயங்காலம் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் மனைவி தறியில் இறங்கினாள். நான் பாட்டைப் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் இழை பாய்ச்சும் நாடாவை நிறுத்தினாள்.

"இன்னாங்க, பாட்டுக்குள்ள மணி அடிக்குது."

"பாட்டுல மணி இருக்கும்."

"இது அந்த மணி இல்ல. நான் அச்சை இழுத்து அடிக்கறப்பல்லாம் அடிக்குது. டிங், டிங்குன்னு."

எனக்கு எரிச்சல் வந்தது. நேற்று மூன்று பேர் கேட்டோம், ஸ்கோப்பில் பார்த்தோம், இன்றைக்கு மணி எங்கிருந்து முளைத்தது என்றேன். இன்னொரு தரம் அடி, பார்க்கலாம் என்றேன். அடித்தாள். இழையை நெருக்கித் தள்ளும் அச்சின் அடி தொம்மென்று கேட்டது. பாட்டு கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை. "உன் காதுல ஏதோ கோளாறு" என்று சொல்லிவிட்டேன். அவள் விடுகிறவள் இல்லை. சேலையில் ஒரே ஒரு இழை தப்பினாலும் கண்டுபிடித்து, அதைப் பிரித்து நெய்யும் வரை சாப்பாட்டுக்கு எழுந்திருக்கமாட்டாள். பாய்க்கு அவளே போன் போட்டாள்.

பாய் வந்து வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். "இன்னாபா இது, மணி அடிக்குது?"

பாட்டை நிறுத்தினேன். ஆம்ப்ளிஃபயர் மட்டும் ஓடட்டும் என்று விட்டு ஸ்கோப்பை மாட்டினேன். மனைவி அச்சை அடித்தாள். நேர்க்கோட்டின் மேல் ஒரு முள் எழுந்து அடங்கியது. அடித்தாள், இன்னொரு முள். விஷயம் புரிந்துவிட்டது. வால்வுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிகள் அசைந்தாலே அது சத்தமாகிவிடும். தறியின் அடி சுவருக்குப் போய், சுவரிலிருந்து பலகைக்கு ஏறி, கம்பியைத் தட்டுகிறது. தறி ஓய்ந்த நாளாகப் பார்த்து அளந்தவனுக்கு இது எப்படித் தெரியும்? வருஷம் முழுக்கத் தறி அடிக்கிற வீட்டில், அடிக்காத ஒரு நாளைப் பொறுக்கி எடுத்து அளந்திருக்கிறேன். புத்தி என்று ஒன்று இருந்தால் அப்படிச் செய்வேனா?

ஆனால் அது அல்ல என்னை அடித்தது. முள் எழுவதைப் பார்க்கிறேன். அவர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டுகிறார்கள். எனக்கு மட்டும் மணி கேட்கவில்லை.

பாய்தான் காது டாக்டரிடம் கூட்டிப்போனார். கண்ணாடி அறையில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிய பெண், சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னாள். முதலில் கேட்டது, அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. மிஷினில் ஏதோ சரிசெய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். ரொம்ப நேரமாகவே கையைத் தூக்கி, "எப்பம்மா மறுபடி ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன்.

"முடிஞ்சுதுங்க சார்" என்றாள்.

காகிதத்தில் நேராக வந்த கோடு, மேல் சுருதிக்குப் போகப் போகக் கிணற்றுக்குள் இறங்கியிருந்தது. எத்தனையோ ஆம்ப்ளிஃபயர்களுக்கு இப்படிக் கோடு பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு கோடு வந்தால் அந்தப் பெட்டியைத் தூக்கி மூலையில் போட்டிருப்பேன். என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். இதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோலப் பேனாவை மூடிவைத்தார். போனது திரும்பாது, பேச்சு கேட்பதற்குத் தொந்தரவில்லை, வேண்டுமானால் காதில் கருவி வைத்துக்கொள்ளலாம் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. வீட்டுக்கு வந்து அதே பாட்டைப் போட்டேன். ஓடியது, முடிந்தது. என்ன கேட்டாய் என்றால் சொல்லத் தெரியாது. எங்கெங்கே எனக்கு வராத சத்தம் இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேனே தவிரப் பாட்டைக் கேட்கவில்லை. ஸ்கோப்பின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். சால்டரிங் கம்பியைத் தொடவில்லை. தெருவில் சாமி போயிற்று, மேளம் போயிற்று, மச்சானின் மைக் செட் அலறிக்கொண்டு போயிற்று. வாசலுக்குக்கூட நான் எழுந்து போகவில்லை.

"டாக்டர்கிட்ட போற வரைக்கும் கேட்டுக்கினுதானே இருந்தீங்க?" என்றாள் மனைவி. "அமாவாசை அன்னிக்கி அந்தப் பாட்டை அசையாம குந்திக்கினு கேட்டீங்களே. அப்பவும் இதே காதுதானே?"

நியாயமான கேள்விதான். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். பேசிக்கொண்டே இருக்கிற மனுஷன் வாயைத் திறக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பயம் வராது? ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு, "அந்த மணியைச் சரி பண்ணிக் குடுங்களேன்" என்றாள். "எனக்குப் பாட்டு இல்லாம கையே ஓட மாட்டேங்குது."

"எனக்குக் கேக்காததை நான் எப்படிச் சரி பண்றது?"

"நான் சொல்றேன். கை ரெண்டும் தறியில இருக்கும். மணி அடிச்சா ம்முன்னு சொல்றேன்."

ஸ்கோப்பின் துண்டை நான் எடுக்கவில்லை. எனக்குக் கேட்காததைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிற பிழைப்பு வேண்டாம் என்று இருந்தது. அவள் நெய்தாள். நான் ஸ்டூலில் ஏறிப் பலகையைப் பார்த்து நின்றேன். தொம். "ம்." தொம். "ம்." சைக்கிள் டியூபை வெட்டிப் பலகைக்கும் பெட்டிக்கும் நடுவே கொடுத்தேன். "ம்." வால்வு நிற்கிற குழிக்கு அடியில் ரப்பர் வாஷர் வைத்தேன். "ம்." வால்வைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டேன். "ம்." மறுநாளும் அதே கூத்து. மாட்டும்போது ஒரு வாஷர் என் கையிலிருந்து நழுவி, உருண்டு தறிக்குழிக்குள் விழுந்தது. அவள் குனிந்து தேடி எடுத்து என் கையில் வைத்தாள். என் முகத்தையே பார்த்தாள். மாட்டினேன். தொம் என்று அடித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்று அடித்தாள்.

"போச்சா?"

"போச்சுங்க. சுத்தமா போச்சு."

சரி என்று ஸ்டூலை விட்டு இறங்கினேன். பெரிய சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து தினமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் நெய்வாள், பாட்டு ஓடும், சில இடங்களில் கூடவே முணுமுணுப்பாள். கேட்டேன் என்று சொல்லமாட்டேன், உட்கார்ந்திருந்தேன். ஒரு பழுதையாவது சரிசெய்தோமே என்று இருந்தது. மாதங்கள் போகப் போக, எனக்கு வராததைத் தேடுவதை விட்டுவிட்டு இருப்பதைக் கேட்கிற நேரமும் வந்தது.

போன வாரம் பாய் வந்தார். ஸ்கோப்பை ஒரு ஆள் கேட்கிறாராம். "நீதான் துண்டு போத்தித் தூங்க வெச்சிக்கினு கீறியே. ஓடுதான்னு ஒரு தபா பாத்துட்டு எடுத்துக்கினு போறேன்பா" என்றார். மனைவி நெய்துகொண்டிருந்தாள். நான் துண்டை எடுத்து உதறிவிட்டு, எதில் மாட்டிப் பார்ப்பது என்று யோசிக்காமல், பழக்கத்தில் ஸ்பீக்கர் ஒயரில் மாட்டினேன். கோடு தெளிவாகத் தெரியட்டும் என்று பாய் பாட்டின் ஒயரை உருவினார். அறையில் தறிச் சத்தம் மட்டும் இருந்தது.

தொம். நேர்க்கோட்டின் மேல் முள் எழுந்து அடங்கியது.

தொம். இன்னொரு முள். அன்றைக்குப் பார்த்த அதே உயரம். சைக்கிள் டியூபும் வாஷரும் ஒரு மயிரிழைகூட அதைக் குறைக்கவில்லை.

நான் பாயைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எங்களுக்கு முதுகைக் காட்டி நெய்துகொண்டிருந்தாள். இத்தனை நாளும் ஒவ்வொரு அடிக்கும் அந்த மணியைக் கேட்டுக்கொண்டு, அதற்கு நடுவில் பாட்டையும் முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு இழை தப்பினால் பொறுக்காதவள்.

"பாய், மணி கேக்குதா?" என்று கேட்டேன்.

காதுதான் எல்லாம் என்று என்னிடம் வருஷக்கணக்காகச் சண்டை போட்ட மனுஷன் தொண்டையைச் செருமினார். "இல்லியேபா. எனக்கு ஒண்ணும் கேக்கல."

தொம். முள்.

"அதான் அன்னிக்கே போச்சேங்க" என்றாள் அவள், திரும்பாமலே.

டாக்டர் காகிதத்தைக் காட்டியபோது வராதது அப்போது வந்தது. கண்ணில் நீர் முட்டியதில் திரையே தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, வலித்தது, இத்தனை மாதத்துக்குப் பிறகு எதுவோ ஒன்று வலித்ததே என்றும் இருந்தது. அவள்மேல் எனக்கு இருக்கிற பிரியம் இவ்வளவு என்று அதுவரை எனக்கே தெரியாது.

ஸ்கோப்பின் பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுற்றி, பாயின் கையில் கொடுத்தேன்.

"நல்லா ஓடுது பாய், எடுத்துக்கினு போங்க" என்றேன். பிறகு அவள் பக்கம் திரும்பி, "ஆமாம்மா, சுத்தமாத்தான் போயிருக்குது" என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டேன்.