ஓங்கி அடிக்க வேண்டிய கட்டை

சிலாபத்தில் அல்பொன்சா ரீச்சரிடம் பியானோ படித்தவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். எந்த ஊர்ப் பியானோவில் அமர்ந்தாலும், நடுவிலுள்ள ஒரு கட்டையை மட்டும் ஆணி அறைவதுபோல அடிப்பார்கள். கொழும்புப் பரீட்சகர்கள் இதைப் பல வருடமாகக் குறித்து எழுதுகிறார்கள். மாணவர்களும் பல வருடமாகச் சித்தியடைகிறார்கள்.

காரணம் கடல். ரீச்சரின் வீட்டுக்கும் அலைக்கும் நடுவே கணவர் றொபியின் ஐஸ் தொழிற்சாலை மட்டும்தான். சுருதி சேர்ப்பவர் ரயிலில் வந்து, வீட்டுப் பியானோவில் இறுகிப்போன அந்தக் கட்டையை இளக்கிவிட்டுப் போவார். மூன்று மாதத்தில் உப்பு ஈரம் மறுபடி இறுக்கிவிடும். நாலாவது தடவைக்குப் பிறகு ரீச்சர் கட்டையை விட்டுவிட்டு விரலைத் திருத்திக்கொண்டார்.

இருபத்தாறு வயதுக்குள் கொழும்பில் பதினொரு கச்சேரி வாசித்தவர். கலியாணமாகிச் சிலாபம் வந்தபின் மேடையை விட்டதாக அவர் சொன்னதில்லை. மேடைதான் பதினாறு வருடம் கூப்பிடவில்லை. சென்ற வருடம் கூப்பிட்டது. சரிவந்தால் மறுபடியும் கச்சேரிக்காரி, பிசகினால் ஊர் ரீச்சர்.

அவர் தேர்ந்தெடுத்த உருப்படி முடிவதே அந்தக் கட்டையில். அதுவும் கேட்டும் கேளாத மெதுவில்.

"வேற ஒண்டை வாசியுமன்," என்றார் றொபி.

"வாசிக்கலாம். பயந்திட்டன் எண்டு எனக்குத் தெரிஞ்சிடுமே."

வீட்டுப் பியானோ மெதுவுக்கு மசியாது. ஆகவே அந்த ஒரு ஸ்வரத்தை ஒரு மாதம் சாப்பாட்டு மேசையில் பழகினார். எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் மேசை குறை சொல்லாது.

கச்சேரியன்று கொழும்பு மண்டபத்துப் பியானோவைத் தொட்டுப்பார்க்கப் பத்து நிமிடம் கிடைத்தது. கடைசிப் பக்கம்வரை போக முடியவில்லை. மாலையில் எல்லாம் பிசகாமல் போய், கடைசி ஸ்வரத்துக்கு விரல் இறங்கியது. கட்டையும் இறங்கியது. சத்தம் வரவில்லை. மண்டபம் சற்று மூச்சைப் பிடித்திருந்துவிட்டு, எழுந்து நின்று கைதட்டியது. இறுதி ஸ்வரம் மௌனத்தில் கரைந்த விதம் பற்றிப் பத்திரிகையொன்று தனிப் பந்தியே எழுதியது.

மூன்றாவது வரிசையில் இருந்த நஸீம் ஹாஜியாருக்கு மட்டும் திருப்தியில்லை. புத்தளத்துக் கருவாட்டு வியாபாரி. ஐம்பது வயதில் ரீச்சரிடம் பியானோ பழகத் தொடங்கியவர். அந்தக் கட்டைக்காகக் காத்திருக்க அவருக்குத்தான் தெரியும். அடுத்த வகுப்பில் கேட்டார்:

"கொழும்புலயும் உப்புக் காத்தா ரீச்சர்?"

"ஏன் ஹாஜியார்?"

"கடைசிக் கட்டை பேசல்லயே."



"கட்டை நல்லது. நான்தான் மேசையைத் தொட்ட மாதிரித் தொட்டுப்போட்டன்."

"அப்ப சனம் எதுக்குக் கை தட்டின?"

"அது எனக்கும் விளங்கேல்ல. நீங்க பாடத்தை எடுங்க."

மண்டபத்தார் மறுபடி அழைத்திருக்கிறார்கள். கரைந்த ஸ்வரத்தை மீண்டும் கேட்க ஆசையாம். ரீச்சர் சம்மதித்துப் பதில் எழுதினார்: கச்சேரிக்கு முதல் நாள் முழுவதும் பியானோ தனக்கு வேண்டும், அந்த ஸ்வரம் இம்முறை கேட்கும்.

அன்று வகுப்பில், ரீச்சர் பாடத்தை எடுக்கச் சொன்னதும் ஹாஜியார் வாசிக்கத் தொடங்கினார். அந்தக் கட்டை வந்ததும் ஓங்கி அடித்தார். சத்தம் சரியாக வந்தது.