அக்கா கேட்ட வாய்தாக்கள்

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது, என் பெரியம்மா மகள் தன் பிள்ளையைக் கேட்டு வழக்குப் போட்டு இரண்டு வருடம் தாண்டியிருந்தது. அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வட்டமாக வரும் லென்ஸை பிரேமின் வடிவத்துக்குத் தேய்த்துப் பொருத்த வேண்டும். ஜன்னல் இல்லாத பின்னறை. தேய்க்கும் கல்லில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருப்பதால் அவள் விரல் நுனிகள் எப்போதும் ஊறிச் சுருங்கியிருக்கும். தெருவில் அவளுக்குப் பெயர் பவர் அக்கா.

அவள் தன் கணவரை, எங்கள் மாமாவை, விட்டுத் தனியாக வந்தது பள்ளி ஆண்டின் நடுவில். பள்ளிக்கூடம் மாமாவின் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. “முழுப் பரீட்சை வரைக்கும் அங்கேயே இருக்கட்டும், புள்ள அலைய வேணாம்” என்று மகளை அவளேதான் விட்டுவிட்டு வந்தாள். யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை.

வழக்குப் போட்ட பிறகும் அதே கதைதான். பிள்ளையை இப்போதைக்கு யார் வைத்துக்கொள்வது என்ற மனு விசாரணைக்கு வரும்போதெல்லாம் அக்காவே வாய்தா கேட்பாள். ஒருமுறை பரீட்சை, ஒருமுறை பிள்ளைக்கு அம்மை, ஒருமுறை பள்ளி நாடகத்தில் அவளுக்கு மரம் வேஷம்.

அவளுடைய அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “கேஸை இழுத்தடிக்கிறது எதிராளி வேலைடி. அதையும் சேர்த்து நீயே பாக்குற. அவன் வக்கீல் உனக்குச் சம்பளம் குடுக்கணும்.”

“மரம் பாதியில எழுந்து வந்தா நல்லாவா இருக்கும், அண்ணா?”

வக்கீல் அம்மா சிரிக்கவில்லை. “இங்க பாரும்மா. அம்மா பெருசா, அப்பா பெருசான்னு கோர்ட் பாக்காது. புள்ளைக்கு எது நல்லதுன்னுதான் பாக்கும். நாள் போகப் போக, அது எங்க வளருதோ அதுதான் வீடுன்னு ஆயிடும். அப்புறம் அங்கேருந்து பிடுங்கி உங்ககிட்டக் குடுக்க ஜட்ஜ் யோசிப்பாங்க.”

அக்கா தலையாட்டினாள். அடுத்த தேதிக்கும் ஒரு காரணம் இருந்தது.

சனிக்கிழமைகளில் நீதிமன்றத்தின் சந்திப்பு அறையில் பிள்ளையைப் பார்க்கலாம். ஒருமுறை நானும் போனேன். சுவரில் பல்லிளிக்கும் முயல் படம், கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலிகள். பிள்ளை புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். அக்கா அதைக் கழற்றி, அதன் வழியாக ஜன்னல் கம்பியைப் பார்த்து மெல்ல அசைத்தாள். பவர் ஏறியிருந்தது.

“எப்ப மாத்தினே?”

“போன மாசம். போர்டு தெரியலைன்னு அத்தைகிட்ட சொன்னேன். அவங்க கூட்டிட்டுப் போனாங்க.”

“நம்ம கடைக்கு வந்திருக்கலாமே.”

“அத்தைக்கு உன் கடை தெரியாதேம்மா.”

அத்தை என்றால் மாமாவின் தங்கை. பிள்ளைக்குத் தலை பின்னுவதும் காய்ச்சலுக்குக் கண் விழிப்பதும் அவள்தான். கெட்டவளாக இருந்திருந்தால் வழக்குக்கு உதவியிருக்கும். அக்கா பிள்ளையின் காதுக்குப் பின்னால் உறுத்திக்கொண்டிருந்த கம்பியைக் கட்டைவிரலால் வளைத்துச் சரிசெய்து, மாட்டிவிட்டாள்.

கடைசியில் நீதிபதி பிள்ளையைத் தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசினார். வெளியே வந்தவளின் சட்டைக் கை கடித்துக் கடித்து நனைந்திருந்தது. அக்காவை நிமிர்ந்து பார்க்காமல் அத்தை பக்கம் போய் நின்றுகொண்டாள்.

பிள்ளை அப்பாவிடமே இருக்கட்டும் என்று தீர்ப்பு வந்தது. அம்மா ஒன்றுவிட்ட சனிக்கிழமை பார்க்கலாம். பிள்ளை அந்த வீட்டில் ஊன்றிவிட்டாள், தாயும் இத்தனை காலம் அவசரம் காட்டவில்லை என்று காரணம் சொல்லியிருந்தார்கள்.

“நான் அவசரம் காட்டலையா?” அக்கா கோபப்படவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்பவள் போலக் கேட்டாள்.

“வாய்தா கேட்டதெல்லாம் நீங்கதானேம்மா” என்றார் வக்கீல் அம்மா. “அப்பீல் போகலாம். ஆனா நம்பிக்கை குடுக்க மாட்டேன்.”

“புள்ளையத் திரும்பக் கூப்பிட்டுக் கேப்பாங்களா?”

“கேக்கலாம். வளந்துட்டாளே.”

“அப்ப வேணாம்.”

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. “என்னை ஏன் விட்டேன்னு நாளைக்கு அவளே கேப்பாடி.”

“கேப்பா” என்றாள் அக்கா.

நாங்கள் படியிறங்கியபோது, வாசலில் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை நின்றிருந்தாள். அக்கா கையசைத்தாள். பிள்ளை முதலில் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைப் பாதி தூக்கினாள்.